கல்லாவில் பேசும் பெட்டி: வாடிக்கையாளர் கருத்தும் நமது கணக்கும்

மாலை ஏழு மணிக்குப் பெரும்பாக்கத்தில் எந்த மளிகைக் கடை முன்பு நின்றாலும் ஒரு குரல் கேட்கும். அது கடைக்காரர் குரலும் அல்ல, வாடிக்கையாளர் குரலும் அல்ல. "நாற்பத்தேழு ரூபாய் பெறப்பட்டது" என்று தராசுக்கும் மிட்டாய் ஜாடிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய பெட்டி சொல்லும். அரிசி அளக்கும் கை நிற்காது; பொட்டலம் கட்டும் பையன் நிமிர மாட்டான். பெட்டி சொல்லிவிட்டால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். சொல்லாவிட்டால்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இந்தப் பெட்டியைச் செய்தவர்களும், அதற்குப் பின்னால் உள்ள செயலிகளை நடத்துகிறவர்களும் தமது வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி கருத்துக் கேட்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்கிறார்கள். ஆனால் உண்மையான கருத்து அங்கே போய்ச் சேருவதில்லை. அது நமது கல்லாவுக்கு முன்னால்தான் கொட்டப்படுகிறது. நிறுவனம் ஏதோ ஒரு முடிவை எடுக்கிறது. அதற்கான ஏச்சைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் வாங்கிக் கொள்கிறோம். ஆகவே வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள், அவர்கள் சொன்னதை நிறுவனங்கள் எப்போது கேட்டன, நாம் இதுவரை என்ன சொல்லாமல் இருக்கிறோம் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

பெரும்பாக்கத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரே ஊரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலையை ஒட்டி, மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகள். உள்ளே தள்ளி எழில் நகர் பக்கம் போனால், கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பிற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு அரசு வாரியம் கட்டிக்கொடுத்த பல்லாயிரம் வீடுகள். முதல் வகையினர் சட்டைப் பையில் ரூபாய் நோட்டே வைத்துக்கொள்ளாதவர்கள். இரண்டாம் வகையினர் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சரக்கு வாங்குகிறவர்கள். இந்த இரு சாராருக்கும் ஒரே கடையில் வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் கடைகளில் சில மாலைப் பொழுதுகள் நின்று, வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தோம்.

அடுக்குமாடி இளைஞர் ஒருவர் சொன்னது: "இது இல்லாத கடைக்கு நான் போறதே இல்லை அண்ணாச்சி. சில்லறைக்குப் பதிலா சாக்லெட் வாங்கின காலமெல்லாம் முடிஞ்சு போச்சு." இதில் நமக்கும் ஒரு குத்தல் இருக்கிறது, வாங்கிக் கொள்ளத்தான் வேண்டும். மூன்று வீடுகளில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் சொன்னது வேறு மாதிரி. "சம்பளத்தை எல்லா வீட்டுலயும் போன்லதான் போடுறாங்க. கையில நோட்டா இருந்தா எண்ணிப் பார்த்துச் செலவு பண்ணுவேன். போன்ல இருக்குறது எப்ப கரையுதுன்னே தெரியல." அவர் மாதம் இரண்டு மூன்று முறை கடைக்கு வந்து, "அண்ணாச்சி, ஐந்நூறு உங்களுக்கு அனுப்புறேன், பணமாக் குடுங்க" என்று கேட்பதும், அண்ணாச்சி எடுத்துக் கொடுப்பதும் வழக்கம். வங்கிகள் செய்ய வேண்டிய வேலையை மளிகைக் கடை செய்கிறது. இந்த ஐந்நூறு ரூபாய் விஷயத்துக்குப் பின்னால் வருகிறோம்; அதில் நமக்கு ஒரு தலைவலி ஒளிந்திருக்கிறது.

வயதானவர்கள் கருத்து சுருக்கமானது. நோட்டைக் கொடுத்தால் நோட்டு; மற்றதெல்லாம் காற்று.

நீல அட்டை செல்லுமா?

நிறுவனத்தின் வினை நமது வியாபாரத்தை எவ்வளவு தூரம் உலுக்கும் என்பதை நாம் நன்றாக உணர்ந்தது 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான்.

பேடிஎம் பெயர் நம்மிடையே பரவிய கதை நினைவிருக்கும். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் கல்லாவில் இருந்த பணம் காகிதமானது. அந்த நெருக்கடியில்தான் முதன்முதலாக ஒட்டட்டுமா என்று கேட்டு இளைஞர்கள் அந்த நீல அட்டையோடு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அதே 2016-ல் இந்திய தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் யு.பி.ஐ. முறையைக் கொண்டு வந்திருந்தது. ஆனால் நமது மக்கள் அந்தப் பெயரில் அழைக்கவில்லை; முதலில் "பேடிஎம் பண்ணவா" என்றார்கள், பிறகு "ஜிபே பண்ணவா" என்றார்கள். எந்தச் செயலியில் அனுப்பினாலும் ஜிபேதான். பற்பசைக்கெல்லாம் கோல்கேட் என்று பெயர் வைத்த ஊர் அல்லவா!

2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ. வழியாக வாங்கும் பணத்துக்கு வணிகரிடம் கழிவு பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது. பணம் வந்து சேருவதில் லாபம் இல்லை என்றானபின், நிறுவனங்கள் வேறு வழி பார்த்தன. பேசும் பெட்டி அப்படி வளர்ந்ததுதான். பெட்டிக்கு மாத வாடகை. பெட்டியில் ஓடும் வரவைப் பார்த்து நமக்குக் கடன். வாடகையும் கடனும்தான் அவர்களுக்கு வரும்படி. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வணிகர்கள் தமது கருவிகளுக்குச் சந்தா கட்டுகிறார்கள் என்று பேடிஎம் நிறுவனமே கணக்குக் கொடுத்தது. ஒரு கோடி கல்லாக்கள்! இந்த எண்ணிக்கையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி, பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி பிப்ரவரி 29-க்குப் பிறகு புதிதாக வைப்புத்தொகை எதையும் ஏற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. விதிமுறைகளைத் தொடர்ந்து பின்பற்றவில்லை என்பது காரணம். ஏற்கெனவே 2022 மார்ச்சிலேயே புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது என்று அந்த வங்கியைத் தடுத்திருந்தார்கள். அந்தத் தடை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குப் பெட்டி பேசிக்கொண்டிருந்தது. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்தோம்.

உத்தரவு வந்த மறுநாள் முதல் கடைகளில் ஒரே கேள்வி. "இந்த நீல அட்டை செல்லுமா?" உத்தரவு வங்கிக்குத்தான், செயலிக்கு அல்ல. ஆனால் வங்கி வேறு, செயலி வேறு என்ற நுணுக்கத்தை யார் யாருக்கு விளக்குவது? நூறு கிராம் கடுகு வாங்க வந்தவரிடம் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை விளக்கிக்கொண்டிருந்தால் அடுத்து நிற்பவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். பல உறுப்பினர்கள் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு வேறு நிறுவனத்தின் அட்டையை ஒட்டினார்கள். அகில இந்திய வணிகர்கள் கூட்டமைப்பும் வேறு செயலிகளுக்கு மாறிக்கொள்ளும்படி அந்த பிப்ரவரி மாதம் வணிகர்களுக்கு அறிவுரை சொன்னது.

பிப்ரவரி 16 அன்று ரிசர்வ் வங்கி கெடுவை மார்ச் 15 வரை நீட்டி, கேள்வி-பதில் வடிவில் ஒரு விளக்கமும் வெளியிட்டது. அதில் நமக்கு வேண்டியது ஒரே விஷயம்: கடையின் க்யூ.ஆர். அட்டை வேறு வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தால் அது தொடர்ந்து செல்லும்; பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். மார்ச் 14 அன்று, ஆக்சிஸ், எச்.டி.எஃப்.சி., ஸ்டேட் வங்கி, யெஸ் வங்கி ஆகிய நான்கின் துணையோடு செயலியைத் தொடர்ந்து நடத்தலாம் என்ற அனுமதியும் பேடிஎம்முக்குக் கிடைத்தது. நீல அட்டை செத்துப் போகவில்லை. ஆனால் அந்த ஆறு வார காலம் நமது உறுப்பினர்களில் பலருக்குத் தமது அட்டை எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதே தெரியவில்லை என்பதுதான் நாம் வெட்கத்தோடு குறிப்பிட வேண்டிய செய்தி. ஒட்டிக் கொடுத்த பையனுக்குத்தான் தெரியும். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகியிருக்கும்.

எந்தச் சரக்கு எந்த மண்டியிலிருந்து வந்தது, மூட்டைக்கு எத்தனை ரூபாய் கழிவு என்பதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நமது வியாபாரிகள், தமது பணம் எந்தக் குழாய் வழியாக வருகிறது என்பதைக் கேட்காமல் விட்டோம்.

வாய் சொல்வதும் கால் சொல்வதும்

வாடிக்கையாளர் கோபப்பட்டால் நிறுவனங்கள் இறங்கி வருமா? சில நிகழ்ச்சிகளைப் பார்த்தால் ஒரு கணக்குப் பிடிபடுகிறது.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனது அந்தரங்கக் கொள்கையை மாற்றியது. பிப்ரவரி 8-க்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு. சிக்னல், டெலிகிராம் என்று மக்கள் கூட்டம் கூட்டமாகப் பதிவு செய்தார்கள். நிறுவனம் கெடுவை மே 15-க்குத் தள்ளிவைத்தது. ஆனால் ஓடியவர்கள் எங்கே போனார்கள்? நமது கடைக்குச் சாமான் பட்டியல் இன்றும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அந்தக் கொள்கைக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது என்பதை, சிக்னலுக்கு ஓடித் திரும்பியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ!

அடுத்தது செல்போன் கட்டணம். 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தின. இந்த முறை மக்கள் வாயோடு நிற்கவில்லை. அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல்.லுக்கு 29 லட்சத்துக்கும் மேல் இணைப்புகள் கூடியதாகவும், தனியார் மூன்றும் இழந்ததாகவும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு காட்டியது. சிம் கார்டு விற்கும் நமது உறுப்பினர்கள் கடையில் பல வருடங்களுக்குப் பிறகு பி.எஸ்.என்.எல். கேட்டு ஆள் வந்தார்கள். ஆனால் சிக்னல் சரியாகக் கிடைக்காதபோது பொறுமை எத்தனை மாதம் தாங்கும்? அதே ஆண்டு நவம்பரில் பி.எஸ்.என்.எல். எண்ணிக்கை இறங்கியது. தனியார் நிறுவனங்கள் உயர்த்திய கட்டணத்தை இறக்கவில்லை.

கட்டணம் என்றதும் இன்னொன்று. நமது கடைகளில் ஒரு காலத்தில் ரீசார்ஜ் செய்து கொடுத்துக் கமிஷன் பார்த்தோம். செயலிகள் வந்து அதை இலவசமாகச் செய்து கொடுத்து அந்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டன. பிறகு 2021-ல் போன்பேயும் 2023-ல் கூகுள் பேயும் ரீசார்ஜுக்கு ஒன்று, இரண்டு ரூபாய் என்று கட்டணம் போடத் தொடங்கின. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் இரண்டு ரூபாய்க்காக வெயிலில் நடந்து நமது கடைக்குத் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். முதலில் இலவசம், பழகியபின் சிறு கட்டணம். இந்த வரிசையை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் கட்டணம் யு.பி.ஐ. மேலேயே வரும் என்ற பேச்சு எழுந்தபோது மக்கள் கருத்து வேறு விதமாக வேலை செய்தது. 2023 மார்ச் இறுதியில், 2000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் 1.1 சதவீதம் பிடிப்பார்கள் என்று செய்தி பரவியது. உண்மையில் அது பணப்பை எனப்படும் முன்பணக் கணக்குகளிலிருந்து வணிகருக்குச் செல்லும் தொகைக்கு மட்டும், அதுவும் நிறுவனங்களுக்கிடையே உள்ள கழிவு. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குப் போவதற்குக் கட்டணமே இல்லை என்று பணப் பரிவர்த்தனைக் கழகம் விளக்கம் கொடுத்தது. அதற்குள் இரண்டு நாள் நமது கடைகளில் 2100 ரூபாய் பில்லை இரண்டாகப் பிரித்துக் கேட்டார்கள்! 2025 ஜூனிலும் கட்டணம் வரப்போகிறது என்று வதந்தி. நிதி அமைச்சகம் 11-ஆம் தேதி அதை மறுத்தது. கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் முகம் சுளித்தால் அரசாங்கம் உடனே பதில் சொல்கிறது.

நமது பக்கத்து ஊர்ச் செய்தியையும் சொல்லிவிடுவோம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஸோஹோ நிறுவனத்தின் வளாகம். (நமது வட்டாரத்தில் ஜி.எஸ்.டி. என்றால் 2017 வரை சாலை மட்டும்தான். அது ஒரு பொற்காலம்.) அவர்கள் செய்த 'அரட்டை' செயலி 2021-லேயே வந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் எடுத்துச் சொல்ல, நாளுக்கு 3,000 ஆக இருந்த புதுப் பதிவு 3,50,000 ஆகிவிட்டது என்று ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். நம் ஊர்த் தயாரிப்பு என்ற பெருமையில் நமது உறுப்பினர்கள் சிலரும் இறக்கிக்கொண்டார்கள். வாடிக்கையாளர் அங்கே வரவில்லை. ஆகவே பட்டியலும் அங்கே வரவில்லை. பொருள் நன்றாக இருப்பது மட்டும் போதாது, எதிர்முனையில் ஆள் வேண்டும். சந்தை கூடும் இடத்தில்தான் கடை போட முடியும் என்பது நமக்குத் தெரியாததா? அதே காரணத்தால்தான் யு.பி.ஐ.யில் போன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. எந்த ஒரு செயலியும் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020-ல் போட்ட விதி, தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் 31 வரை வந்துவிட்டது.

கருத்து வாயில் மட்டும் இருந்தால் நிறுவனம் கெடுவைத் தள்ளிவைக்கும். காலில் இறங்கினால் கணக்குப் பார்க்கும். ஆனால் கால் திரும்பி வந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நாம் யார்?

இங்கேதான் நமது குறை வருகிறது. வாடிக்கையாளர் ஒருவர் செயலியை இலவசமாகப் பயன்படுத்துகிறார். பணம் கொடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் நாம். மாத வாடகை நம்முடையது. அப்படியானால் கருத்துச் சொல்ல முதல் உரிமை யாருக்கு?

உறுப்பினர் ஒருவர் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெட்டியில் பழுது வந்து மூன்று வாரம் பேசவில்லை. வாடகை மட்டும் தவறாமல் பிடிக்கப்பட்டது. அழைப்பு எண்ணில் தமிழ் பேசுபவர் கிடைக்கவில்லை. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துப் போனார்கள், அதற்கான சீட்டு தரவில்லை. அதற்குப் பிறகும் நான்கு மாதம் பிடித்தம் நடந்தது. மொத்தம் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். "இதுக்காக நான் கடையைப் பூட்டிட்டு அலையவா?" என்று விட்டுவிட்டார். ஒருவருக்கு ஐந்நூறு சிறிய தொகைதான். அதை ஒரு கோடி கல்லாவால் பெருக்கிப் பாருங்கள்.

நமது உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வாடகை நமது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறது என்றால், எப்போதோ நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதியில் அந்த அனுமதியைப் பார்க்கலாம், நீக்கலாம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தேதியிட்ட சீட்டோ குறுஞ்செய்தியோ இல்லாமல் கையை விட்டு விடக் கூடாது. பணம் தவறாகப் பிடிக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கோ வங்கிக்கோ எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. மோசடி என்றால் காலம் கடத்தாமல் 1930.

நுகர்வோர் நீதிமன்றம்? வியாபாரத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்பதே பொது விதி. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வியாபார நோக்கம் என்று கொள்ளாது என விளக்கம் தருகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து நடத்தும் சிறு கடைக்கு இந்த வாசல் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. வாடகைப் பெட்டி பொருளா சேவையா என்று எதிர்த்தரப்பு வாதாடும். வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு இறங்குவதே நல்லது.

ஐந்நூறு ரூபாய்த் தலைவலி

முன்னே சொன்ன அம்மாளுக்கு வருவோம். அவர் ஐந்நூறு அனுப்ப, அண்ணாச்சி ஐந்நூறு நோட்டாகக் கொடுத்தார். வியாபாரம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பெட்டி "ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லிவிட்டது. வங்கிக் கணக்கிலும் வரவாக ஏறிவிட்டது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் என்ன நடந்தது என்பதை உறுப்பினர்கள் செய்தித்தாளில் படித்திருப்பார்கள். சிறு கடைக்காரர்களின் யு.பி.ஐ. வரவைத் திரட்டி, ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல் விற்றும் பதிவு செய்யவில்லை என்று அம்மாநில வணிகவரித் துறை ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி விற்றவருக்கும் நோட்டீஸ். பெங்களூரில் கடைகள் யு.பி.ஐ. அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தன. வாடிக்கையாளர்கள் அவதிப்பட்டார்கள், வணிகர்கள் பந்த் என்றார்கள், கடைசியில் பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்த நோட்டீஸ்களுக்கு வணிகர்கள் கொடுத்த விளக்கங்களில் முக்கியமானது, கணக்கில் வந்தது எல்லாம் விற்பனை அல்ல என்பதுதான். மைத்துனர் அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம், நோட்டாக மாற்றிக் கொடுத்தது எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

ஆகவே நாம் சொல்வது இரண்டு. வாடிக்கையாளருக்கு உதவியாகப் பணம் மாற்றிக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் அதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, தொகை, பெயர் எழுதி வையுங்கள். கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் தனித்தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 40 லட்சம் என்பது ரொக்கமும் சேர்த்துத்தான். அட்டையைக் கழற்றினால் வரம்பு மாறிவிடாது. வரி விலக்குள்ள பொருள்களை மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை என்றாலும், நமது மளிகைக் கடையில் அரிசியும் இருக்கிறது, சோப்பும் இருக்கிறது. வரம்பைத் தாண்டியவர்கள் ஒன்றரைக் கோடி வரை, விற்பனையில் 1 சதவீதம் கட்டும் இணக்க முறைத் திட்டத்தைப் பற்றித் தமது கணக்கரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பெட்டி பேசாத நாட்கள்

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. சித்திரை முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்பு. வெல்லமும் பருப்பும் போட்டி போட்டு விற்கிற நேரத்தில் நாடு முழுவதும் யு.பி.ஐ. தடுமாறியது. அதற்குச் சற்று முன் மார்ச் 26 மாலையும் அப்படியே. கடையில் ஐந்து பேர் கையில் போனை ஆட்டிக்கொண்டு நிற்க, ஒருவருடைய பணம் போனதா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வந்ததா வந்ததா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் விசாரணைகளே கணினிகளை மூச்சுத் திணற வைத்தன என்று தெரிந்து, 2025 ஆகஸ்ட் முதல் தேதி முதல் ஒரு செயலியில் நாளுக்கு 50 முறைக்கு மேல் இருப்புப் பார்க்க முடியாது என்று விதி வந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் நாட்டில் நடந்த யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. இவ்வளவு பெரிய பாரத்தை ஒரே தூண் தாங்குகிறது.

ஆனால் பெரும்பாக்கத்தில் இதைப் பற்றிக் கேட்டால் யாரும் ஏப்ரல் 12-ஐச் சொல்வதில்லை. 2023 டிசம்பர் மாதத்தைத்தான் சொல்கிறார்கள். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான ஊர், தெருவெல்லாம் தண்ணீர். மின்சாரம் நின்றது. கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. பால், ரொட்டி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி கேட்டு முழங்கால் தண்ணீரில் ஆட்கள் வந்தார்கள். அடுக்குமாடியிலிருந்து வந்தவர்கள் கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகூட இல்லை. வங்கியில் லட்சக்கணக்கில் இருந்தும் ஒரு பால் பாக்கெட் வாங்க வழியில்லை. எழில் நகர்ப் பக்கத்து மக்களிடம் முடிச்சுப் போட்ட கைக்குட்டையில் நோட்டு இருந்தது.

அன்று கடை திறந்து வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "பேர் தெரியாது, வீட்டு நம்பர் தெரியாது. முகம் தெரியும். எழுதிக்கிட்டுக் குடுத்தேன்." எழுதிய நோட்டை நமக்குக் காட்டினார். தண்ணீர் பட்டு மை கலைந்த பக்கங்களில் 'பி பிளாக் கண்ணாடி', 'நாய்க்குட்டி வீடு', 'டாக்டர் அம்மா' என்று வரிசையாகப் பெயர்கள். ஒன்றிரண்டு தவிர எல்லாம் வந்துவிட்டதாம். சிக்னல் வந்த அன்று மாலை பெட்டி ஓயாமல் பேசியதாம். அவற்றில் சிலர், அன்று முதல் வீட்டில் ஓர் ஆயிரம் ரூபாயை நோட்டாக வைத்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த நிறுவனமும் நட்சத்திரம் கேட்டு இந்தக் கருத்தைப் பெற்றிருக்க முடியாது.

நமது சங்கத்தில் இதுபற்றிப் பேசியபோது, பெட்டியே வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. போலி ரசீதைத் திரையில் காட்டி ஏமாற்றுகிறவர்களிடமிருந்தும், நமது அட்டையின் மேல் தனது அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்களிடமிருந்தும் அது நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. அதை மறுப்பது நியாயமாகாது. வேண்டுவது வேறு. வாடகை எவ்வளவு என்பது தமிழில் எழுதிய சீட்டில் இருக்க வேண்டும். பெட்டி பேசாத நாளுக்கு வாடகை கூடாது. திருப்பிக் கொடுத்த அன்றே பிடித்தம் நிற்க வேண்டும். அழைப்பு எண்ணில் தமிழ் பேச ஆள் வேண்டும். ஒருவர் கேட்டால் இது புகார். ஒரு வட்டாரத்துக் கடைகள் அனைத்தும் ஒரே தாளில் கேட்டால், அதே பெட்டியை விற்கக் காத்திருக்கும் போட்டி நிறுவனங்கள் நான்கைந்து இருக்கும்போது, அதை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

அந்தத் தாளைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடந்த ஆறு மாத வங்கிக் கணக்குத் தாளில் பெட்டி வாடகை பிடிக்கப்பட்ட வரிகளுக்கு அடிக்கோடிட்டு நகல் எடுத்து வர வேண்டுகிறோம். அட்டை எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதையும் எழுதி வாருங்கள். பெட்டியின் அடியில் ஒரு எண் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்ள மறக்க வேண்டாம். தூசு தட்டினால் தெரியும்.